வராகனூர் காய் விட்ட பருவம்

வராக நதி இரண்டு கூறாகப் பிரித்துக்கொண்டு போகும் வராகனூரில் ஒரு கோடையில் பழம் என்ற ஒன்றே இல்லாமல் போனது. மா காய்த்தது, வாழை தார் தள்ளியது, கொய்யா கொத்துக் கொத்தாகத் தொங்கியது, பலா மரத்தின் அடிவரைக்கும் பிதுங்கியது, ஆனால் ஒன்றும் பழுக்கவில்லை, பழுக்கிற யோசனையே தங்களுக்கு இல்லை என்பதுபோல எல்லாம் இறுக்கமாக, பச்சையாக, முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றன. அந்தக் கோடையைத்தான் ஊர்க்காரர்கள் தங்களுக்கு வாய்த்ததிலேயே நல்ல கோடை என்கிறார்கள், அதெப்படி என்று கேட்பவர்களுக்குப் பவளக்கொடியின் புத்தகத்தில் ஆரம்பித்துத்தான் சொல்ல முடியும்.

பவளக்கொடி குழந்தைகளுக்குப் படப்புத்தகம் போடுகிறவள், கதையும் அவளே, படமும் அவளே. நாலாம் வகுப்பு வரைக்கும் வராகனூரில் படித்து, மின்வாரியத்தில் இருந்த அப்பாவுக்கு மாற்றல் வந்ததில் ஊரை விட்டுப் போய், அப்புறம் நாட்டை விட்டும் போய், மான்ட்ரியலின் பனிக்குள் உட்கார்ந்து வெயிலாக வெயிலாக வரைந்து தள்ளியவள். அவள் புத்தகங்கள் எல்லாவற்றிலும் சின்னு என்று ஒரு பெண்பிள்ளை வருவாள், எண்ணெய் வழியும் இரட்டைச் சடை, முழங்காலில் ஒரு காயாத சிராய்ப்பு, கையில் ஒரு மாங்காய். அந்த மாங்காய் சில பக்கங்களில் சின்னுவின் தலையணைக்கடியில் கிடக்கும், சில பக்கங்களில் நிலாவாக மேலே தொங்கும், பஸ்ஸுக்குச் சக்கரமாகும், நதியில் படகாகும், மழைக்குக் குடையாகும், ஆனால் புத்தகம் முடிகிற வரைக்கும், கடைசிப் பக்கத்தின் கடைசி மூலை வரைக்கும், பச்சையாகவே இருக்கும்.

இந்த மாங்காய்க்கு உலகத்தில் பல பேர் பொருள் சொன்னார்கள். குழந்தைப் பருவத்தின் கள்ளமின்மை என்றார் ஒரு பேராசிரியர். வளர்ந்துவிடுவோமோ என்கிற பயம் என்றார் இன்னொருவர். புலம்பெயர்ந்தவளின் முற்றுப்பெறாத தாயகம் என்று ஒருவர் நீளமாக எழுதி அதற்குப் பட்டமும் வாங்கினார். பவளக்கொடி மேடைகளில் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். மாங்காய்க்கு அவர்களுடைய பாஷையில் சொல் இருந்தது, ஆனால் அந்தச் சொல்லோடு சேர்ந்து நீளுகிற சுண்டுவிரல் அவர்களிடம் இல்லை, அதை எந்த அகராதியில் போய்ச் சேர்ப்பது என்று அவளுக்கும் தெரியவில்லை.

விஷயம் இவ்வளவுதான். நாலாம் வகுப்பில் அவளுக்குச் சபுரா என்று ஒரு தோழி இருந்தாள், வாழை மண்டி ராவுத்தர் மகள். இருவரும் ஒரே டெஸ்க், ஒரே தண்ணீர் பாட்டில், மழை வந்தால் ஒரே வாழை இலை. ஒருநாள் ஓவிய வகுப்பில் ஒரு தகராறு, சுண்டுவிரலை நீட்டிக் காய் விட்டாயிற்று. காய் விடுவது அவர்களுக்குப் புதிதில்லை, வாரத்தில் பல தடவை விடுவார்கள், பெல் அடிப்பதற்குள் இரண்டு விரலைச் சேர்த்து நீட்டிப் பழமும் விட்டுவிடுவார்கள். அந்தத் தடவை மட்டும் மத்தியானமே அப்பாவின் மாற்றல் உத்தரவு வந்து, வீட்டில் பாத்திரம் கட்ட ஆள் வேண்டும் என்று அம்மா வந்து பாதி வகுப்பில் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். பழம் விட நேரமில்லை. அந்தக் காய் அப்படியே நின்றது, கடல் தாண்டியது, காகிதத்தில் ஏறியது.

மான்ட்ரியல் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டு அவள் வராகனூருக்கே திரும்பி வந்து வீடு பிடித்தபோது, சபுரா அப்பாவின் மண்டியைத் தானே நடத்திக்கொண்டு, மண்டியம்மா என்றால் தேனி, போடி வரைக்கும் தெரிகிற ஆளாக இருந்தாள். பவளக்கொடி பக்கத்துத் தெருவில் காய்கறி வாங்கினாள், அதற்கடுத்த தெருவில் மாவு அரைத்தாள், மண்டித் தெருவுக்குள் மட்டும் அவள் செருப்பு திரும்பவில்லை. போய் நின்று, சபுரா கண்ணாடியை இறக்கிவிட்டு, "யாருங்க நீங்க?" என்று கேட்டுவிட்டால்? அத்தனை வருஷமாக ஓர் ஆளோடு சண்டையில் இருந்துவிட்டு, அந்த ஆளுக்குச் சண்டையே ஞாபகம் இல்லையென்றால், மிச்ச வாழ்க்கைக்கு என்ன வரைவது?

இந்த நிலையில்தான் சின்னுவின் புதுப் புத்தகம் முதல்முறையாகத் தமிழில் வந்தது. ஆங்கிலத்தில் சின்னு பக்கத்துக்குப் பக்கம் கத்துகிற ஒரு நீளமான வாக்கியத்தைத் தமிழில் எப்படி வைப்பது என்று யோசித்து யோசித்து, கடைசியில் வேறு வழியில்லாமல் பவளக்கொடி ஒரே சொல்லை எழுதினாள்: காய். கிளை நூலகத்தில் வெளியீடு. நூலகர் ஞானதுரை, நாலைந்து நாற்காலி போதும் என்று நினைத்திருந்தவர், பள்ளிக்கூடமே வந்து தரையில் உட்கார்ந்ததைப் பார்த்து மின்விசிறியை முழு வேகத்தில் வைத்துவிட்டு, "ம், எல்லாரும் சேந்து வாசிங்க பாப்போம்" என்றார். முதல் பக்கத்தில் பிள்ளைகள் பாடப்புத்தகம் போல ராகம் போட்டுக் "கா-ய்" என்றார்கள். இரண்டாம் பக்கத்தில் ஒருத்தி பக்கத்திலிருந்தவளைப் பார்த்துச் சிரித்தாள். மூன்றாம் பக்கத்தில், இது தோட்டக்கலைப் பாடம் இல்லை என்று எல்லோருக்கும் ஒரே நேரத்தில் விளங்கிவிட்டது, யாரும் சொல்லிக்கொடுக்காமல் அத்தனை சுண்டுவிரலும் மேலே போயின, அத்தனை தொண்டையும் திறந்தன, "காய்!" என்று அவர்கள் போட்ட சத்தத்தில் அலமாரியிலிருந்து பழைய வார இதழ்கள் சரிந்து விழுந்தன, ஆற்றுப் பாலத்தில் போய்க்கொண்டிருந்த டவுன் பஸ் தானாக நின்று யோசித்துவிட்டு மறுபடி கிளம்பியது.

அன்று சாயங்காலத்திலிருந்து பழங்கள் பழுக்கவில்லை.

ஊர் முதலில் இதைக் கவனிக்கவே இல்லை, வெயில் போதவில்லை என்றார்கள், அப்புறம் வெயில் அதிகம் என்றார்கள். தக்காளி சிவக்காததால் ரசம் பச்சையாக வந்தபோதுதான் பெண்கள் வாசலுக்கு வந்தார்கள். வெளியூரிலிருந்து லாரியில் வந்த மாம்பழங்கள் பாலத்தின் பாதியைத் தாண்டியதும் மாங்காயாயின. காஷ்மீரிலிருந்து சிவப்பாகக் கிளம்பிய ஆப்பிள் வராகனூர் எல்லையில் பச்சையாக இறங்க, கடைக்காரர் அதை வெளிநாட்டு ஆப்பிள் என்று சொல்லி விற்றார். பழுத்தாலும் பச்சையாகவே இருக்கிற பச்சை வாழைப்பழம் விற்பவர் மட்டும், தன் சரக்கு பழுத்திருக்கிறதா இல்லையா என்று தனக்கே தெரியாமல், வருகிற ஆளையெல்லாம் "ஒண்ணு கடிச்சுப் பாத்துச் சொல்லுங்கண்ணே" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

ஆனால் வராகனூர் எதற்கும் அசராத ஊர். இருப்பதை வைத்துச் சமாளிக்க ஆரம்பித்தார்கள். கோயிலில் வாழைக்காயோடு அர்ச்சனை நடந்தது. நிச்சயதார்த்தத் தட்டில் வாழைக்காயை அடுக்கி மேலே மஞ்சள் ஜரிகைத் தாளைச் சுற்றினார்கள். ஒரு கல்யாணத்தில் மணமக்களுக்குப் பால் பழம் கொடுக்க வேண்டிய நேரத்தில் பாலும் பஜ்ஜியும் கொடுத்தார்கள், மாப்பிள்ளை பஜ்ஜியைப் பாலில் தொட்டுச் சாப்பிட்டுவிட்டு, நல்லாத்தான் இருக்கு என்று சொன்னதில் அது வழக்கமாகவே ஆகிவிட்டது. ஊறுகாய் போட ஊரில் ஜாடி தீர்ந்து, வாளியில் போட்டு, கடைசியில் குழந்தைகளைக் குளிப்பாட்டுகிற டப்பில் போட்டார்கள்.

மருந்து தெரிந்தது கோயில் வாசலில். குருக்களுக்கும், வாசலில் தேங்காய்க் கடை போட்டிருக்கும் ஒச்சம்மாளுக்கும் பேச்சுவார்த்தை அற்றுப்போய்ப் பல திருவிழா ஆகிவிட்டது. அவள் கொடுத்த தேங்காய் ஒன்று ஒருமுறை அழுகலாக இருந்ததை அவர் பக்தர்கள் முன்னால் மோந்து காட்டிவிட்டார். அன்றைக்கு வாழைக்காய்த் தட்டை வாங்கும்போது, வெயிலோ அலுப்போ, குருக்கள் வாய்விட்டார்.

"ஏம்மா ஒச்சு, எத்தனை நாளைக்குத்தான் மூஞ்சியைத் தூக்கி வச்சிண்டிருப்பே?"

"நீங்க மோந்த மூக்கை இறக்குற வரைக்கும்."

"இறக்கிட்டேன் போ. தேங்காய் அழுகினா நீ என்ன பண்ணுவே, உள்ளே போயா பாக்க முடியும்? பழம். போதுமா?" என்று இரண்டு விரலை நீட்டினார்.

தொட்டால் தீட்டாயிடுமோ என்று ஒச்சம்மாள் கிண்டலாகக் கேட்டுக்கொண்டே தன் இரண்டு விரலால் தட்டினாள். தட்டிலிருந்த வாழைக்காய் ஒரு பக்கத்திலிருந்து மெதுவாக, வெட்கப்படுகிற மாதிரி, மஞ்சளானது. கூடையிலிருந்ததும் ஆனது. எலுமிச்சங்காய்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு பழமாயின. வரிசையில் நின்றவர்கள் இதைப் பார்த்துவிட்டு ஆச்சரியப்பட நேரமில்லாமல், யாரோடு சண்டை என்று அவரவர் மனசுக்குள் தேட ஆரம்பித்து, தேங்காய் உடைப்பதற்குள் பாதிப் பேர் வரிசையிலேயே இல்லை.

அப்புறம் ஊர் பட்ட பாடு சொல்லி மாளாது. பாகப்பிரிவினையில் பேசாமல் போன அண்ணன் தம்பிகள் நடுச்சுவரின் மேல் இரண்டு விரலை நீட்ட, சுவருக்கு அந்தப்பக்கமும் இந்தப்பக்கமும் கிளை விட்டிருந்த பப்பாளி இரண்டு பக்கமும் பழுத்தது. எதிரெதிர் டீக்கடைக்காரர்கள் பழம் விட்டு ஒருவர் கடையில் ஒருவர் டீ குடித்துவிட்டு, இத்தனை வருஷம் இந்தக் கழுநீருக்கா போட்டி போட்டோம் என்று இருவருமே வருத்தப்பட்டார்கள். மாமியார் மருமகள் விஷயங்களில் மட்டும் பழம் அரைகுறையாகப் பழுத்தது, காம்புப் பக்கம் எப்போதும் ஒரு பச்சை நின்றது, அது அப்படித்தான் என்று ஊரும் ஏற்றுக்கொண்டது. சண்டையே இல்லாத ஒரு வாத்தியார், ஆசைக்கு ஒரு பழம் தின்ன வேண்டும் என்று பக்கத்து வீட்டுக்காரரோடு பேச்சுக்குக் காய் விட்டுப் பேச்சுக்குப் பழம் விட்டுப் பார்த்தார், கொய்யா அவரை ஏமாற்றி உள்ளே மட்டும் பழுத்து வெளியே பச்சையாக உட்கார்ந்திருந்தது. நகராட்சி ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி, "பொதுமக்கள் யாரும் யாரோடும் காய் விட வேண்டாம்" என்று தெருத்தெருவாக அறிவித்தார்கள், பள்ளிக்கூடத்தில் சுண்டுவிரல் தடை செய்யப்பட்டது, நீட்டினால் வெயிலில் நிற்க வேண்டும்.

ஊரெல்லாம் மணத்தது. ஒரே ஓர் இடம் மட்டும் மணக்கவில்லை. சபுராவின் மண்டியில், உத்திரத்திலிருந்து தரை வரைக்கும் தொங்கிய தார்கள், ரஸ்தாளியும் பூவனும் கற்பூரவள்ளியும், முதல் நாள் இருந்த பச்சை மாறாமல் அப்படியே இருந்தன. சபுரா எல்லோரோடும் பழம் விட்டுப் பார்த்துவிட்டாள். எடைபோடுகிறவரோடு, வீடு விஷயமாக முறைத்துக்கொண்டு போன அண்ணனோடு, சில்லறை தராமல் இறக்கிவிட்ட ஒரு பழைய கண்டக்டரைத் தேனியில் தேடிப்பிடித்து அவரோடுகூட. தார் அசையவில்லை.

ஒச்சம்மாள் பவளக்கொடி வீட்டுக்குத் தேங்காய் கொண்டுவந்தபோது இதைத்தான் பேசினாள்.

"ஊருக்கெல்லாம் பழுத்துருச்சு தாயி. அந்த மண்டியம்மாவுக்கு மட்டும் இல்ல. லாரிக்காரன் பாதிப்பேர் வேற மண்டிக்குப் போயிட்டான். இன்னும் கொஞ்ச நாள்ல அந்தப் பிள்ள கடைய மூடணும். எவளோ ஒருத்தி மனசுல முடிச்சுப் போட்டு வச்சுக்கிட்டு உக்காந்திருக்கா."

"ஒருத்தின்னு எப்படிச் சொல்றீங்க? ஒருத்தனா இருக்கக்கூடாதா?"

"ஆம்பளைகளுக்கு இம்புட்டு நாள் ஞாபகம் நிக்காது" என்று சொல்லிவிட்டு ஒச்சம்மாள் தேங்காயைத் தட்டிக் காட்டி, "மோந்து பாத்துக்கங்க, அப்புறம் சொல்லக்கூடாது" என்றாள்.

அவள் போனதும் பவளக்கொடி கடைசிப் பக்கத்தின் மூலப்படத்தை எடுத்து மேஜையில் விரித்தாள். போய்ப் பேசுவதற்கு, வரைவது எளிது. நல்ல மஞ்சளாக எடுத்து, ஓரத்தில் கொஞ்சம் சிவப்புக் குழைத்து, சின்னுவின் கையிலிருந்த மாங்காயின் மேல் பூசினாள். மஞ்சள் காய்ந்தது, காய்ந்ததும் காயாகிவிட்டது. மறுபடி பூசினாள், மறுபடி பச்சை. ட்யூபைப் பிதுக்கி நேராகவே தடவினாள், காகிதம் ஒரு பெருமூச்சு விட்டது, பச்சை. வரைந்து தப்பிக்க முடியாது என்று அவள் கைக்குத் தெரிந்த இடம் அது.

தூரிகையைக் கழுவக் கிணற்றடிக்குப் போனவள், சுவருக்கு அந்தப்பக்கம், பள்ளிக்கூடத்தை ஒட்டிய நூலக வளாகத்தில் பிள்ளைகள் இருப்பதைப் பார்த்தாள். இடைவேளை. ஒரு பந்து நடுவில் கிடந்தது. ஒருத்தி, "நீ மொதல்ல எடு" என்றாள், மற்றவள், "பரவால்ல, நீயே எடு" என்றாள். பந்து அப்படியே கிடந்தது. ஞானதுரை சுவருக்குப் பக்கத்தில் வந்து ரகசியம் போலச் சொன்னார்: "கொஞ்ச நாளா இப்படித்தான் மேடம். சண்டை வந்துருமோன்னு யாரும் விளையாடறதே இல்ல. சத்தம் போடாதீங்கன்னு போர்டு வச்சவன் நான், எனக்கே பயமா இருக்கு."

பவளக்கொடி அந்தப் பந்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பேராசிரியர்கள் காயைத்தான் குழந்தைப் பருவம் என்றார்கள், அவளும் தலையாட்டினாள். காயாகக் கிடப்பது பெரியவர்கள் வேலை. அவர்களால்தான் அதை வருஷக் கணக்கில் பத்திரமாக வைத்திருக்க முடியும். குழந்தைகளுடையது, காய்க்கும் பழத்துக்கும் நடுவிலே ஒரே ஒரு பெல் மட்டும் இருக்கிற அந்த வேகம். தன் புத்தகங்களிலெல்லாம் சின்னு என்று ஒரு பெரிய மனுஷியையே இரட்டைச் சடை போட்டு வரைந்து வைத்திருக்கிறோம் என்று தோன்றியதும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, தூரிகையைக் கிணற்றுத் திண்டிலேயே வைத்துவிட்டு, வண்ணம் ஒட்டின கையோடு, மண்டித் தெருவுக்குப் போனாள்.

மண்டி வாழைப்பால் வாடையோடு இருந்தது. சுமை இறக்குகிறவர்கள் வேலையில்லாமல் வாழைச் சருகில் சாய்ந்து கிடந்தார்கள். பச்சைத் தார்களுக்கு நடுவில், பிளாஸ்டிக் நாற்காலியில், தலையில் முக்காடும் மூக்கு நுனியில் கண்ணாடியுமாக உட்கார்ந்து போனில் யாரையோ திட்டிக்கொண்டிருந்த சபுரா, நிழல் விழுந்ததும் நிமிர்ந்தாள். கண்ணாடியை இறக்கினாள்.

"யாருங்க நீங்க? என்ன வேணும்?"

பவளக்கொடி பயந்தது அப்படியே நடந்துவிட்டது, சொல் மாறாமல்.

"நான்... ஒண்ணுமில்ல, சும்மா..."

"காய் வேணும்னா எடுத்துட்டுப் போ" என்றாள் சபுரா. "உனக்குப் பிடிச்சது அதுதானே."

சருகில் கிடந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள்.

"உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

"என்னடி உங்களுக்கு? நாலாப்புல என் தோசையப் பிடுங்கித் தின்னப்ப உங்களுக்குன்னா சொன்ன? ஊருக்கு வந்து எம்புட்டு நாளாச்சு. பக்கத்துத் தெருவுல கத்திரிக்காய் வாங்கத் தெரியுது, இந்தத் தெரு திரும்பத் தெரியலையா? என்னைத் திட்டி எட்டுப் புஸ்தகம் போட்டு உலகம் பூரா வித்தவ, நேர்ல வந்து ரெண்டு வார்த்தை திட்ட முடியல."

"திட்டலடி. அது வந்து... குழந்தைப் பருவத்தோட குறியீடு."

"எதோட?"

"குறியீடு."

"வாய்ல நல்லா வருது" என்று சபுரா எழுந்தாள். "எட்டையும் நான் வாங்கியிருக்கேன். அண்ணன் மகன் துபாய்லருந்து ஒவ்வொண்ணா கொண்டாருவான். முன்னால எவனோ எழுதியிருக்கான், கள்ளமில்லாத மனசுன்னு. யாரு, இவளா? பக்கத்துக்குப் பக்கம் சுண்டுவிரல நீட்டுறா, அவனுக்குத் தெரியல, எனக்குத் தெரியாதா? நான் கதையெல்லாம் படிக்க மாட்டேன். வந்ததும் கடைசிப் பக்கத்தத் திருப்பிப் பாப்பேன். இந்தத் தடவையாவது பழுத்திருக்கான்னு. பச்சையா இருக்கும். மூடி பீரோவுல வச்சுருவேன். அடுத்ததுக்குக் காத்துக்கிட்டு இருப்பேன்."

அவள் குரல் கடைசியில் கொஞ்சம் கீழே இறங்கிவிட்டது, அதை மறைக்கப் பக்கத்துத் தாரை ஓங்கித் தட்டினாள். அத்தனை வருஷமும், ஒரே ஓர் ஆள், கடைசிப் பக்கத்தை மட்டும், சரியாகப் படித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"ஒரு வரி எழுதிப் போட்டிருக்கலாம்ல?"

"நான் எதுக்கு? காய் விட்டவதான் பழம் விடணும். சட்டம் தெரியாதா?"

"நானா விட்டேன்? நீதான்டி விட்ட!"

"அல்லாவே, பொய்யப் பாரு. பாதி வகுப்புல அம்மா கையப் பிடிச்சுப் போறப்பக்கூடத் திரும்பிச் சுண்டுவிரலக் காட்டிட்டுப் போனவ!"

"அது காய் இல்ல, டாட்டா காட்டினேன்!"

"சுண்டுவிரல்லயா டாட்டா காட்டுவாக?"

சுமைக்காரர்களில் பெரியவரான மூக்கையா நடுவில் வந்து கும்பிட்டார். "யக்கா, யாரு விட்டா என்ன. பாலத்துல கடைசி லாரி ஒண்ணு நிக்குது, அவனும் போயிட்டா நாங்க வாழை நாரத்தான் திங்கணும். ரெண்டு பேரும் சேந்தாப்புல விட்டுருங்க."

அப்புறம் சபுரா முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள், பவளக்கொடி வண்ணம் ஒட்டின விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டாள், நாற்பது வருஷம் பாக்கியிருந்த நாலு விரல்கள் நடுவில் வந்து தொட்டன.

"பழம்."

"பழம்."

முதலில் வாசம்தான் வந்தது. பிறகு வாசல் பக்கத்து ரஸ்தாளித் தார் மஞ்சளானது, அதிலிருந்து அடுத்தது, அடுத்ததிலிருந்து உத்திரம், உத்திரத்திலிருந்து மூலை, தெரு விளக்குகள் வரிசையாக எரிகிற மாதிரி மண்டி முழுக்க மஞ்சள் ஓடியது, செவ்வாழைகள் சிவந்தன, கற்பூரவள்ளி கனத்துக் கயிறு முறுகியது, சுமைக்காரர்கள் கூச்சல் போட்டுக்கொண்டு லாரியைக் கூப்பிட ஓடினார்கள். சபுரா ஒரு சீப்பைப் பிய்த்து, ஒன்றை உரித்து, பவளக்கொடியின் வாயில் திணித்தாள். இரண்டு பேரும் சருகுக் குவியலில் உட்கார்ந்து, அழுதுகொண்டும் மென்றுகொண்டும் சிரித்துக்கொண்டும் தின்றார்கள்.

அப்படியே விட்டிருந்தால் நன்றாக முடிந்திருக்கும். பவளக்கொடிதான் வாயைக் கொடுத்தாள்.

"ஆனாலும் நீ என் மாம்பழத்துக்கு மீசை வரைஞ்சிருக்கக்கூடாது."

சபுரா மெல்லுவதை நிறுத்தினாள். "மீசையா? எதுடி மீசை?"

"ஓவிய வகுப்புல. நான் எவ்வளவு ஆசையா வரைஞ்சேன். நீ பென்சில எடுத்து மேல ஒரு கோடு..."

"அடிப்பாவி, அது காம்பு! அந்தரத்துல தொங்குதே பாவம்னு காம்பு வச்சேன்!"

"காம்பு வளைஞ்சா இருக்கும்?"

"மண்டிக்காரர் மககிட்டயே காம்பு எப்படியிருக்கும்னு கேக்குற? நாப்பது வருசமா இதுக்கா பேசாம இருந்த? போடி, காய்!"

சொல்லி வாய் மூடவில்லை, மண்டி முழுக்கப் பச்சையானது. வாசலில் லாரிக்கு ரிவர்ஸ் சொல்லிக்கொண்டிருந்த மூக்கையா, தலையில் தாரோடு, "யக்காவ்!" என்று அலறினார்.

"அவளச் சொல்லச் சொல்லு, காம்புன்னு."

"மீசை."

"காம்பு!"

"சரி, காம்பு வச்ச மீசை."

சபுராவுக்குச் சிரிப்பு வெடித்துவிட்டது, இரண்டு விரலை நீட்டினாள், மஞ்சள். மஞ்சளைப் பார்த்ததும் தெம்பு வந்து பவளக்கொடி தோசை விஷயத்தை எடுத்தாள், பச்சை. இப்படியே அவர்கள் நாலாம் வகுப்பின் வழக்குகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தீர்த்துக்கொண்டிருந்தபோது பள்ளிக்கூடம் விட்டு அந்த வழியே வந்த பிள்ளைகள் வாசலில் கூடிவிட்டார்கள். இரண்டு பெரிய மனுஷிகள் தடை செய்யப்பட்ட சுண்டுவிரலை நீட்டிக் கத்திக்கொள்வதையும், தார்கள் மாறி மாறி மின்னுவதையும் கொஞ்ச நேரம் வாய் பிளந்து பார்த்துவிட்டு, ஒருத்தி தன் பக்கத்தில் நின்றவளிடம் திரும்பி, ஆசை ஆசையாக, "ஏய், அன்னிக்கி என் ரப்பரை நீதானே எடுத்த? காய்!" என்றாள். "போடி, நீ என் பந்தைக் குடுத்தியா? காய்!" என்றாள் மற்றவள். அது பற்றிக்கொண்டது. தெரு முனைக்குப் போவதற்குள் பழம், கோயில் தாண்டுவதற்குள் மறுபடி காய், ஊர் முழுக்கத் தோப்பும் கடையும் தள்ளுவண்டியும் பச்சைக்கும் மஞ்சளுக்கும் மாறி மாறி, திருவிழாவுக்குப் போட்ட சீரியல் செட் மாதிரி மின்னிக்கொண்டிருந்தது. நகராட்சி ஆட்டோ அறிவிக்க என்ன இருக்கிறது என்று தெரியாமல் நாலு தெரு சுற்றிவிட்டு, ஒலிபெருக்கியில் பாட்டுப் போட்டுக்கொண்டு ஷெட்டுக்குப் போனது.

அன்றிலிருந்து வராகனூரில் பழம் விற்கிறவர்கள், பையில் போடுவதற்கு முன்னால், "வீட்ல சண்டை எதுவும் இல்லையே?" என்று கேட்டுக்கொள்கிறார்கள். இருக்கிறது என்றால், பொரியலுக்காவது ஆகும் என்று சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். சின்னு புத்தகத்தின் கடைசிப் பக்கம் அச்சானபடி ஒருநாளும் நிற்பதில்லை, நூலகத்துப் பிரதியைத் திறந்து அன்றைக்கு என்ன நிறம் என்று பார்க்கப் பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். அந்த நிறமாற்றம் எதன் குறியீடு என்று கேட்டு ஒரு பேராசிரியர் எழுதியதற்குப் பவளக்கொடி, முடிந்தால் ஒருமுறை நேரில் வாருங்கள், கூடச் சண்டை போட யாரையாவது கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று பதில் போட்டிருக்கிறாள்.

போன வாரம்கூட, விடிந்தும் விடியாமல் அவள் போன் அடித்தது.

"ஏய், எந்திரி. மண்டி பூரா பச்சையாக் கெடக்கு. என்ன கோவம் உனக்கு?"

"எனக்கென்ன கோவம்?"

"பொய் சொல்லாத, தாரு பொய் சொல்லாது."

"நேத்துப் பேசிக்கிட்டு இருக்கப்பவே போனை வச்சுட்டல்ல."

"சார்ஜ் இல்லடி! அதுக்கா?"

"அதுக்குத்தான்."

"சரி, பழம். போதுமா?"

"போன்ல விட்டாச் செல்லாது. நேர்ல வரணும்."

"அப்ப வா. லாரி நிக்குது."

"நிக்கட்டும்" என்றாள் பவளக்கொடி. போனை வைத்துவிட்டு, முகம் கழுவிக்கொண்டு, மிகவும் கோபமாக இருப்பதுபோல் வைத்துக்கொள்ளப் பார்த்த முகம் தெருமுனை வரைக்குமாவது தாங்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டு, செருப்பைத் தேடினாள்.